அட்டையை வெட்டினால் தேதி போச்சு: விண்வெளி மருந்துப் பெட்டியின் சிக்கல்

விண்வெளியையும் மருந்தையும் சேர்த்து இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. விண்வெளிக்குக் கொண்டுபோகும் மாத்திரைகள் சீக்கிரம் வீரியம் இழக்கின்றன என்பது ஒன்று. விண்வெளியிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் புறப்பட்டால் மொட்டை மாடி ஏறிப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில், சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதைப் படித்ததும் ஒரு கேள்வி எழும். அங்கே போனால் மருந்து கெட்டுப்போகும் என்றால், அங்கேயே எப்படித் தயாரிப்பார்கள்?

இரண்டும் வெவ்வேறு கதை. வார்டா என்ற அமெரிக்க நிறுவனம் 2023 ஜூனில் ஒரு சிறு கலத்தை அனுப்பி, அதற்குள் ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் படிகமாக்கி, 2024 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் இறக்கியது. எடையற்ற நிலையில் திரவத்துக்குள் வெப்ப ஓட்டங்கள் அடங்கிவிடும், படிகம் வேறு விதமாக வளரும். அந்தப் பயனுக்காகப் போன கலம் அது; வேலை முடிந்ததும் பூமிக்கு வந்துவிட்டது. அதைத் தொழிற்சாலைக் கதை எனலாம். இந்தக் கட்டுரை மருந்துப் பெட்டிக் கதையைப் பற்றியது: மாதக்கணக்கில் காத்திருந்து, வேண்டிய அன்றைக்கு வேலை செய்தாக வேண்டிய மாத்திரையும் ஊசியும். செய்தித் தலைப்புக்கு இது அவ்வளவு கவர்ச்சியானதல்ல. ஆனால் இதன் பெரும்பகுதி நம் ஊர் மெடிக்கல் ஷாப் மேசையை வைத்தே விளங்கிவிடும்.

மருந்து கெட்டுப்போவது என்றால் என்ன?

மாத்திரை முழுக்க மருந்தல்ல. மருந்து மூலப்பொருளோடு மாவு, ஒட்டவைக்கும் பொருள், வயிற்றில் போனதும் உடைந்து கரைய உதவும் பொருள் எல்லாம் சேர்த்து அழுத்திய கட்டி அது. ஆகவே அது இரண்டு வழியில் கெடலாம். மூலக்கூறு உடைந்து வீரியம் குறைவது ஒரு வழி. மூலக்கூறு அப்படியே இருந்தும், மாத்திரை இறுகிப்போய் வயிற்றில் கரையாமல் போவது இன்னொரு வழி. பார்வைக்கு இரண்டும் பெரும்பாலும் தெரியாது.

கெடுக்கும் காரணங்கள் நான்கு.

1. ஈரம். இதுதான் முதல் எதிரி. அப்பளமும் பட்டாசும் நமத்துப்போவது நமக்குத் தெரியும். மாத்திரைக்கும் அதே கதிதான். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிப்பது அதனால்தான். அமாக்சிசிலினுடன் சேர்த்துக் கொடுக்கும் கிளாவுலனிக் அமிலம் இன்னும் மோசம், ஈரத்தைக் கொஞ்சமும் தாங்காது. அந்த மாத்திரை கெட்டியான அலுமினிய அட்டையில் வருவது அழகுக்காக அல்ல.

2. ஆக்சிஜன். அட்ரினலின் ஊசி மருந்து காற்றோடு வினைபுரிந்தால் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும்.

3. வெளிச்சம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் போன்றவை ஒளி பட்டால் சிதையும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி இதற்காகத்தான்.

4. வெப்பம். மேலே சொன்ன மூன்றையும் இது விரைவுபடுத்தும்.

இடையில் ஒரு சொல் விவகாரம். மருந்து என்றால் தமிழில் வெடிமருந்தும் அடக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு ‘மந்து’வுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு, மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு, அது இங்கே வேண்டாம். திட எரிபொருளில் சேரும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அதைக் கையாளும் இடத்தில் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று அடிக்கும் தீவில் நிற்கும் ஒரே ராக்கெட்டில், அடியில் இருக்கும் மருந்துக்கும் உச்சியில் இருக்கும் மருந்துக்கும் எதிரி ஒன்றுதான்.

காலாவதி தேதி எதைச் சொல்கிறது?

அந்தத் தேதி தாண்டிய மறுநாள் மருந்து விஷமாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். அது அப்படியல்ல. ‘நாங்கள் அடைத்த உறையில், நாங்கள் சொன்ன வெப்பத்தில் வைத்திருந்தால், இந்தத் தேதி வரை லேபிளில் போட்ட வீரியத்துக்கு நாங்கள் பொறுப்பு’ என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுக்கும் உத்தரவாதம் அது. 1963-இல் சிதைந்த டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது உண்டு. ஆனால் அது அபூர்வமான விதிவிலக்கு. பெரும்பாலான மருந்துகள் நஞ்சாவதில்லை, மெல்ல வலுவிழக்கின்றன.

எவ்வளவு மெல்ல? அமெரிக்க ராணுவம் பெரும் மருந்துக் கையிருப்பை வைத்திருக்கிறது. தேதி முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டாமல், மாதிரி எடுத்துச் சோதித்து ஆயுளை நீட்டிக்கும் திட்டத்தை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புடன் சேர்ந்து 1986-இல் தொடங்கியது. அதன் முடிவுகள் 2006-இல் வெளியாயின: 122 மருந்துகள், 3,005 தொகுதிகள். இவற்றில் 88 விழுக்காடு தொகுதிகளைக் குறைந்தது ஓராண்டுக்கு நீட்டிக்க முடிந்தது. சராசரி நீட்டிப்பு 66 மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய மாத்திரைக்கு இதைச் சான்றாகக் காட்டிவிடக் கூடாது. ராணுவத்தின் மருந்துகள் பிரிக்காத அசல் உறையில், கட்டுப்படுத்திய வெப்பத்தில் இருந்தவை. விண்வெளிச் சிக்கல் தொடங்குவதே இந்த ‘பிரிக்காத’ என்ற சொல்லில்தான்.

அட்டை என்ற காவல்

மாத்திரை அட்டை வெறும் பொட்டலம் அல்ல, மருந்தின் பாதி. உள்ளே தெரியும்படி இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் குமிழ் அட்டை ஈரத்தை ஓரளவுக்குத்தான் தடுக்கும். அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுத்தால் காவல் கூடும். இருபுறமும் அலுமினியமான ‘அலு-அலு’ அட்டைதான் கடைசிப் படி: ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம் எதையும் அண்டவிடாது. ஆனால் அலுமினியத் தகட்டைச் சூடாக்காமல் அழுத்தி வளைப்பதால் குழியை நெருக்கமாக அமைக்க முடியாது. ஒவ்வொரு மாத்திரையையும் சுற்றிக் காலியிடம் விட வேண்டும். கையில் ஓர் அலு-அலு அட்டையை எடுத்துப் பார்த்தால் தெரியும், மாத்திரையைவிட வெற்றிடம்தான் அதிகம்.

இந்த வெற்றிடம் மருந்துக்கடையில் யாருக்கும் உறுத்தாது. ராக்கெட்டில் உறுத்தும். விண்கலத்துக்குள் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் போட்டி உண்டு. அதனால் நாசாவில் நீண்ட காலம் இருந்த வழக்கம்: மாத்திரைகளை அசல் அட்டையிலிருந்தும் புட்டியிலிருந்தும் எடுத்து, சிறிய பிளாஸ்டிக் குப்பிகளிலும் ஜிப் உறைகளிலும் மாற்றி, பெயரும் அளவும் ஒட்டி, நிறம் பிரித்த துணிப்பைகளில் அடுக்குவது. இடம் மிச்சம், எடை மிச்சம், வீரர் தேடி எடுப்பதும் சுலபம்.

அதன் விலை என்ன என்பதற்கு மெடிக்கல் ஷாப்பே உதாரணம். ‘நாலு மாத்திரை போதும்’ என்று கேட்கிறோம். கடைக்காரர் அட்டையை வெட்டித் தாள் கவரில் போட்டுத் தருகிறார். தேதி அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. குழி பிரியாமல் வெட்டினால் மருந்துக்குக் கெடுதல் இல்லை, தேதி மட்டும்தான் போகிறது. மாத்திரையையே உரித்துப் புட்டியில் கொட்டினால் இரண்டும் போச்சு. வேறு கலனுக்கு மாற்றிய மாத்திரைக்கு அமெரிக்க மருந்துத் தர வழிகாட்டல் வழக்கமாகக் கொடுக்கும் ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு, அல்லது அசல் தேதி, எது முந்தியதோ அது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அவர் அடைத்த உறையோடு முடிகிறது.

35 மருந்துகளும் 28 மாதங்களும்

நாசா செய்த ஓர் ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. 35 வகை மருந்துகள் அடங்கிய எட்டுப் பெட்டிகள். நான்கு பெட்டிகள் விண்வெளி நிலையத்துக்குப் போயின. அதே போன்ற நான்கு, ஹூஸ்டனில் கட்டுப்படுத்திய அறையில் இருந்தன. மேலே போனவை 13 நாள் முதல் 28 மாதம் வரை வெவ்வேறு காலம் இருந்து திரும்பின. தர வரம்புக்குள் நிற்காத மருந்துகளின் எண்ணிக்கை விண்வெளிப் பெட்டிகளில் அதிகம். நாள் கூடக் கூட அதுவும் கூடியது.

செய்திகளில் ‘விண்வெளி மருந்தைக் கெடுக்கிறது’ என்று வருவதன் வேர் பெரும்பாலும் இங்கேதான். உடனே எல்லோரும் விரல் நீட்டுவது கதிர்வீச்சை நோக்கி. அந்தக் குற்றச்சாட்டை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. அந்த 28 மாதப் பெட்டி வாங்கிய கதிர்வீச்சு சுமார் 110 மில்லிகிரே (ஒரு பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது).

2. ஊசி, சிரிஞ்சு, சில மருந்துகள் ஆகியவற்றைக் கிருமி நீக்கம் செய்யப் பூமியிலேயே காமா கதிர் பாய்ச்சுகிறார்கள். அதற்கு வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது 2.5 கோடி மில்லிகிரே. இரண்டுக்கும் இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

3. செவ்வாய்க்குப் போகும் வழியில், பூமியின் காந்தக் காவலுக்கு வெளியே, க்யூரியாசிட்டி கலத்தின் கருவி அளந்தது நாளுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிரே. போய்வர ஆகும் ஆயிரம் நாளைக்கும் அதே அளவு என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 500 மில்லிகிரே. கிருமி நீக்க அளவில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

காமா கதிரும் விண்வெளியின் கனமான துகள்களும் ஒன்றல்ல, நியாயமான மறுப்புதான். நீரில் கரைத்த மருந்து உலர்ந்த மருந்தைவிடக் கதிர்வீச்சில் எளிதில் சிதையும் என்பதும் உண்மை. நீர் மூலக்கூறு உடைந்து உருவாகும் துணுக்குகள் பக்கத்திலிருக்கும் மருந்தைத் தாக்கும். ஆனால் உலர்ந்த மாத்திரைக்கு இதை முதல் குற்றவாளியாக்க இந்தக் கணக்கு இடம் தரவில்லை. அந்த 35 மருந்துகளில் பல, பறப்பதற்கென மாற்றி அடைக்கப்பட்டவை. புறப்படும்போதே காவல் பாதி போய்விட்டது என்பதை ஆய்வாளர்களே ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்கள்.

2016-இல் வந்த இன்னொரு ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. நிலையத்தில் 550 நாள் இருந்து திரும்பிய 9 மருந்துகளைச் சோதித்ததில், விண்வெளிக்கே உரிய புதிய சிதைவுப் பொருள் எதுவும் தென்படவில்லை. பூமியில் எந்த வழியில் உடையுமோ அதே வழியில்தான் அங்கேயும் உடைந்திருக்கின்றன. ஒன்பதே மருந்து, பூமியில் ஒப்பிட இணைப் பெட்டி இல்லை. ஆகவே இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நிலையத்துக்குள் வெப்பமும் ஈரப்பதமும் ஒரு குளிர்சாதன அலுவலகத்தைப் போலத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் மின்சாரம் போன ஒரு மதியம் தடாவில் இருக்கும் மருந்து அலமாரி அதைவிடக் கடுமையான இடம்.

உறையைத் தேர்ந்தெடுக்க இன்னும் சில நிபந்தனைகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

1. கண்ணாடி கூடியவரை வேண்டாம். உடைந்தால் சில்லு தரையில் விழாது. மிதந்து கண்ணுக்கும் மூச்சுக்கும் வரும். உதிரும் மாத்திரைத் தூளும் அப்படியே.

2. மூடிய கலத்துக்குள் வைக்கும் எந்தப் பிளாஸ்டிக்கும் நுரைத்தாளும் எளிதில் தீப்பிடிக்கக் கூடாது, வாடையோ வாயுவோ கசியக் கூடாது. இதற்குத் தனிச் சோதனை உண்டு.

3. உறைக்குள் காற்று அடைபட்டிருக்கக் கூடாது. ஊட்டிக்கு ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பும் அல்லவா, கலத்துக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் மருந்து உறையும் அப்படி உப்பும். அப்பல்லோ கலங்களில் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

4. கையுறை போட்ட கையாலும், ஒரு கையாலும் திறக்க முடிய வேண்டும். மூடியைத் திறந்ததும் எல்லா மாத்திரையும் மிதந்து வெளியே வரக் கூடாது. இதில் அட்டை, புட்டியை வென்றுவிடுகிறது.

இருப்பது போதாது, உடம்புக்குள் போக வேண்டும்

ஈர்ப்பு இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால், மருத்துவமனையில் நாம் கவனிக்காத பல வேலைகளைப் புவியீர்ப்பு சம்பளமில்லாமல் செய்வது தெரியும். கண்ணில் விடும் சொட்டு கீழே விழுவதால்தான் சொட்டு. அங்கே அது புட்டி முனையில் உருண்டையாக ஒட்டி நிற்கும், கண்ணில் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். இருமல் மருந்தைக் கரண்டியில் ஊற்ற முடியாது. குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலை உயரத்தில் மாட்டுவதற்கு அங்கே உயரம் என்ற ஒன்றே இல்லை. திரவம் தானாக இறங்காது. குழாயின் நடுவில் இருக்கும் சொட்டுக் கூட்டில் காற்று மேலே, நீர் கீழே என்று பிரியாது. காற்றுக் குமிழியும் சலைனும் கலந்தே குழாயில் போகப் பார்க்கும். ஆகவே அழுத்திச் செலுத்தும் பம்பும், குமிழியை வடிகட்டும் அமைப்பும் வேண்டும். நோயாளியையும் ஊசி போடுகிறவரையும் எங்காவது கட்டி நிறுத்தவும் வேண்டும், இல்லையென்றால் ஊசியை அழுத்தும் விசையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நகர்வார்கள்.

பயணத்தின் முதல் நாட்களில் விண்வெளிக்குப் போகிறவர்களில் 60 முதல் 80 விழுக்காட்டினருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை கொடுத்துப் பயனில்லை, அது வயிற்றைத் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிடும். அதனால் புரோமெதசின் என்ற மருந்தைத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். ஸ்கோபொலமினை மூக்கில் அடிக்கும் தெளிப்பாக நாசா உருவாக்கியதும் இதற்காகவே. எந்த மருந்து என்பதைப் போலவே எந்த வழியாக என்பதும் அங்கே முக்கியம்.

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே நோயாளியிடம் வந்து சேர்ந்த நிகழ்ச்சி 2020 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஆறு மாதப் பயணத்தில் இரண்டு மாதம் ஆன நிலையில், ஓர் ஆய்வுக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில், விண்வெளி வீரர் ஒருவரின் கழுத்து நாளத்தில் ரத்தக்கட்டி தெரிந்தது. பெயரை வெளியிடவில்லை. கையில் இருந்தது எனாக்ஸபாரின் என்ற ஊசி மருந்து, 300 மில்லிகிராம் கொண்ட 20 குப்பிகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இது. அளவு மீறி ரத்தம் கசிந்தால் அதை முறிக்கும் மாற்று மருந்து பெட்டியில் இல்லை.

கணக்கு இப்படி ஓடியிருக்கும். மொத்தம் 6,000 மில்லிகிராம். உடல் எடை கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு. 70 கிலோ ஆள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் நாளுக்கு 105 மில்லிகிராம். 57 நாளில் கையிருப்பு காலி. திரும்பிவர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. 33 நாள் ஆனதும் அளவைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். கட்டி கண்டுபிடித்த 42-ஆம் நாள், சரக்குக் கலத்தில் வந்த அபிக்சபான் மாத்திரைக்கு மாறினார்கள். இடையில் இன்னொரு தட்டுப்பாடு: சிரிஞ்சு. அதோடு குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சுவதே பெரும்பாடு. பூமியில் குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் திரவம் அடைப்பானிடம் வந்து நிற்கும். அங்கே பரப்பு இழுவிசையால் திரவம் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு காற்று நடுவில் நிற்கும். ஊசிக்குள் பாதி மருந்து, பாதி குமிழி.

பல முறை எடுக்கும் பெரிய குப்பி எடைக்கு நல்லது. ஒரே வேளைக்கான மருந்தை முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சு கைக்கு நல்லது. இந்தப் பேரத்தில் எடை ஜெயித்ததன் விளைவைத்தான் அந்த வீரர் 42 நாள் தினமும் அனுபவித்தார்.

மூன்று நாள், ஆறு மாதம், மூன்று ஆண்டு

மருந்துப் பெட்டியின் சிக்கல் தூரத்தைவிடக் காலத்தைப் பொறுத்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பவிருக்கும் ககன்யான், மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் வரை வைத்திருந்து திருப்பிக் கொண்டுவரும் திட்டம். வீரர்களின் உணவு, உடல்நலக் கண்காணிப்பு, அவசரகாலப் பெட்டி, கதிர்வீச்சு அளவீடு ஆகியவற்றுக்காக இஸ்ரோவும் டி.ஆர்.டி.ஓ.வும் 2019-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்று நாளில் எந்த மாத்திரையும் கெடப்போவதில்லை. அந்தப் பெட்டியின் சோதனை வேறு: குமட்டல், தலைவலி, மூக்கடைப்பு, தூக்கமின்மைக்கு உடனே எடுக்கும்படி இருக்கிறதா, கடலில் இறங்கி மீட்புக் கப்பல் வரும் வரை நனையாமல் இருக்குமா என்பதுதான்.

விண்வெளி நிலையத்தில் தங்குவது மாதக்கணக்கு. 2014-இல் வெளியான ஆய்வில், நிலையத்தில் தங்கியவர்களில் நான்கில் மூவர் தூக்க மருந்து எடுத்திருந்தார்கள். அங்கே மருந்து தீர்ந்தாலோ தேதி நெருங்கினாலோ அடுத்த சரக்குக் கலம் இருக்கிறது. எதுவும் முடியாவிட்டால் வீடு திரும்பலாம். சல்யூத்-7 நிலையத்தில் இருந்த சோவியத் வீரர் விளாதிமிர் வாஸ்யூத்தின் நோய்வாய்ப்பட்டதால் 1985 நவம்பரில் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

செவ்வாய்ப் பயணத்தில் இந்த இரண்டு கதவும் மூடிவிடும். போய்வர மூன்று ஆண்டு. புறப்பட ஏற்ற நேரம் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும், ஆகவே பின்னால் சரக்கு அனுப்புவதும் முடியாது. நிலையத்தில் வைத்திருக்கும் 106 மருந்துகளின் பட்டியலை எடுத்து 2024-இல் ஓர் ஆய்வு ஆராய்ந்தது. ஆயுள் விவரம் கிடைத்த 91 மருந்துகளில் 54-க்கு ஆயுள் 36 மாதமோ அதற்கும் குறைவோ. அதாவது பாதிக்கு மேல், வீரர்கள் வீடு திரும்புவதற்குள் தேதி முடிந்துவிடும். அதுவும் தயாரித்த அன்றே வாங்கி அசல் உறையில் ஏற்றினால்தான். நடைமுறையில் வாங்கி, சோதித்து, அடுக்கி, ஏவுதளத்தில் காத்திருந்து கிளம்புவதற்குள் பல மாதம் கரைந்திருக்கும்.

இதன் அர்த்தம் 54 மருந்தும் பயனற்றுப்போகும் என்பதல்ல. ராணுவக் கையிருப்பின் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆனால் பூமியிலிருந்து பேச்சு போய்ச் சேரவே இருபது நிமிடம் வரை ஆகும் இடத்தில், கையில் இருக்கும் நுண்ணுயிர்க்கொல்லியில் 95 விழுக்காடு வீரியம் இருக்கிறதா, 60-ஆ என்று தெரியாமல் கொடுப்பது மருத்துவருக்குப் பெரிய இக்கட்டு.

என்ன செய்யலாம் என்கிறார்கள்?

1. உரிக்காமல் ஏற்றுவது. பெட்டி பெரிதாகும், எடை கூடும். என் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியதும், புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படாததும் இதுதான். ஓர் அட்டையின் கூடுதல் எடை கிராம் கணக்கு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது ஆண்டுக்கணக்கு.

2. நீரைக் கொண்டுபோகாமல் இருப்பது. ஊசி மருந்தை உறைய வைத்து உலர்த்திய தூளாகக் கொண்டுபோய், வேண்டும்போது கரைப்பது. சலைனுக்கான சுத்தமான நீரைக் கலத்தின் குடிநீரிலிருந்தே தயாரிக்கும் கருவியை 2010-இல் நிலையத்தில் இயக்கிப் பார்த்தார்கள்.

3. ஒரே நோய்க்கு வேதி அமைப்பில் வேறுபட்ட இரண்டு மருந்துகள் வைப்பது. ஒன்று நமத்தாலும் மற்றது நிற்கும்.

4. மாத்திரையை உடைக்காமல் ஒளி பாய்ச்சி வீரியத்தை மதிப்பிடும் சிறு கருவி.

5. குளிரில் வைக்க வேண்டியவற்றைத் தனியே ஆராய்வது. 2025 ஜூன் 25-இல் கிளம்பி ஜூலை 15-இல் திரும்பிய ஆக்ஸியம்-4 பயணத்தில், சுபான்ஷு சுக்லா இருந்த அதே கலத்தில், இன்சுலின் பேனாக்களும் சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவிகளும் சோதனைக்காகப் போயின.

இந்திய அட்டைக்கு இருக்கும் ஒரு வசதி

இது பலரும் கவனிக்காத செய்தி. மருந்தின் ஆயுளைக் கணிக்க, அது விற்கப்படும் நாட்டின் தட்பவெப்பத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பாவுக்கான மருந்துக்கு வழக்கமான நீண்டகாலச் சோதனை 25 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதம். நம்முடையது போன்ற வெப்பமும் புழுக்கமும் உள்ள நாடுகளுக்கு 30 டிகிரி, 65 முதல் 75 விழுக்காடு ஈரப்பதம். சூலூர்பேட்டைப் புழுக்கத்தைத் தாங்கும்படி அடைத்த ஓர் அட்டை, குளிர்சாதன அறை போன்ற கலத்துக்குள் போனால் கடுமையான இடத்திலிருந்து எளிதான இடத்துக்கு மாறியிருக்கிறது என்றுதான் பொருள்.

2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்பது இந்தியாவின் அறிவித்த இலக்கு. ககன்யானின் மூன்று நாள் பெட்டியை வைத்து அதற்குத் திட்டமிட முடியாது. அங்கே தங்குபவர்களுக்கான மருந்துப் பட்டியலை எழுதுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: சரக்குக் கலம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை போகும், மாத்திரைகள் அட்டையோடு போகுமா அல்லது உரித்துப் போகுமா. இரண்டாவது கேள்விக்கு ‘உரித்து’ என்று பதில் வந்தால், 30 டிகிரியில் சோதித்த கணக்கெல்லாம் அந்த அட்டையோடு ஸ்ரீஹரிகோட்டாக் குப்பைத்தொட்டியிலேயே தங்கிவிடும்.